கோடு போட்டது யார்?

‘கருக்கு’ என்று சொன்னதும் படித்தவர்கள் வாயிலிருந்து வருகிற பத்தி அந்த வடைப் பொட்டலம்தான். பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். நாயக்கரிடம் குனிந்து கொடுக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்த சிறுமி வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். அது சிரிக்கிற விஷயமில்லை என்று அண்ணன் விளக்குகிறார். படித்து முன்னுக்கு வந்தால் இந்த இழிவைத் தூக்கி எறியலாம் என்கிறார். அவளும் வெறிகொண்டு படித்து வகுப்பில் முதலாவதாக வருகிறாள். மத்திய அரசின் பாடநூல் நிறுவனம் 12ஆம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். கூடவே, விடுதிப் பள்ளியில் பின்னலை அறுத்துவிட்டதற்காக அழுத செவ்விந்தியப் பெண் சித்கலா சாவின் நினைவும் இருந்தது. அதுவும் நல்ல பத்தி. தேசமெங்கும் பிள்ளைகள் இரண்டையும் படித்துப் பரீட்சை எழுதினார்கள்.

பத்தியில் குறை இல்லை. அதை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதில்தான் என் சண்டை. முதல் மார்க்கோடு முடிக்கிறார்கள். 1992இல் வந்த அந்தப் புத்தகம் முழுக்கப் படித்தவர்களுக்குத் தெரியும், படிப்பு முடிந்து வாத்தியார் வேலை கிடைத்து, கன்னியர் மடத்துக்குள் போன பிறகும் சாதி அங்கேயும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பெண் வெளியே வருகிறார். வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற நிலையையும் மறைக்காமல் எழுதுகிறார். ‘நல்லாப் படி, எல்லாம் சரியாயிடும்’ என்று அண்ணன் சொன்ன ஆறுதலை அந்தப் பிரதி தானே போட்டு உடைக்கிறது. பாடநூல்காரர்கள் ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு உடைத்ததை விட்டுவிட்டார்கள். புத்தகம் சொன்னதற்கு நேர் எதிரானதை அதே புத்தகத்தின் ஒரு துண்டை வைத்தே சொல்லவைத்துவிட்டார்கள்.

எதை வெட்டிச் சேர்த்தார்கள் என்பதோடு எதை வெட்டி எறிந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் ‘சங்கதி’யை நீக்கியது. சுகிர்தராணியின் கவிதைகளும் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும் அதோடு சேர்ந்து போயின. அதே பாமாதான். வடைப் பொட்டலத்துக்கு இடம் உண்டு, ‘சங்கதி’க்கு இடம் இல்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் ‘சங்கதி’யில் மாரியம்மா கதை வருகிற இடத்தைப் படித்துப் பாருங்கள். கிணற்றடியில் கையைப் பிடித்து இழுத்த முதலாளி, அவள் சொல்வதற்கு முன்னாலேயே போய் அவள் மேல் புகார் சொல்லிவிடுகிறான். அவளையும் ஒரு பையனையும் சேர்த்துக் கதை கட்டுகிறான். கூடுகிற பஞ்சாயத்து நம் தெருப் பஞ்சாயத்துதான், உட்கார்ந்திருப்பதும் நம் ஆண்கள்தான். தண்டம் அவளுக்கு 200 ரூபாய், அந்தப் பையனுக்கு 100.

இந்த இடத்துக்கு நான் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பொம்பளைங்க நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தபோது படித்துக் காட்டினேன். நான் எதிர்பார்த்தது முதலாளி மேல் கோபம். அவர்கள் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஒரு அக்கா கேட்டது: “அப்ப களை எடுக்க என்னா கூலி? இருநூறுன்னா எத்தினி நாளு குனிஞ்சி நிமிரணும் அவ?” இன்னொருத்தர், “இவளுக்கு இருநூறு, அவனுக்கு நூறுன்னு எந்த வாயி சொல்லிச்சி?” என்றார். கூலிக் கணக்கும் பஞ்சாயத்தில் இருந்தது யார் என்கிற கேள்வியும் அந்த இரண்டு பேச்சிலும் வந்துவிட்டன. பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதுகிற நாம் இதை வெகு நேரம் சுற்றி வளைத்துச் சொல்கிறோம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம். கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே ஒரு காலனியில் பிறந்தவன். வாத்தியார் வேலை. சில வருஷம் கல்வராயன் மலைமேல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில், மீதி சமவெளியில். படிக்கிற புத்தகத்தில் பிடித்த பத்தியை ஒரு நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. அதற்குக் கீழே, அதை யாருக்குப் படித்துக் காட்டினேன், கேட்டவர் என்ன சொன்னார் என்றும் எழுதுவேன். கேட்டவர் சொன்னது சில சமயம் பத்தியைவிட நன்றாக இருக்கும். இந்தக் கட்டுரை அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே எழுதுவது. வரிசை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

நோட்டில் அதிக தடவை படித்துக் காட்டிய பத்தி அம்பேத்கருடையது. பெரிய கோட்பாட்டு நூல்களிலிருந்து எடுத்ததில்லை. தன் வாழ்க்கைச் சம்பவங்களைச் சுருக்கமாக எழுதிவைத்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்கிற சின்னக் கையெழுத்துப் பிரதி. 1990இல்தான் தனிப் புத்தகமாக வந்தது. 1901இல், ஒன்பது வயதில், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பா வேலை பார்க்கிற ஊருக்கு ரயிலில் போகிறார். புதுச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, சரிகைத் தொப்பி. இறங்கிய ஸ்டேஷனில் அழைத்துப்போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். பிள்ளைகள் வெகுளியாக மகர் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் முகம் மாறிப்போகிறது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளத் தயாரில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு. இரண்டு பங்கு வாடகை கொடுக்க வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான்.

மேடையில் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் வழியில் தண்ணீர் கிடைக்காமல் பிள்ளைகள் தவித்ததைச் சொல்லிக் கண் கலங்கவைப்பார்கள். எனக்குப் பிடித்தது வண்டிதான். அதில் தீண்டாமையின் பொருளாதாரம் முழுக்க இருக்கிறது. பணம் தீட்டு இல்லை, இரண்டு பங்கு பணம் அறவே தீட்டு இல்லை. உழைப்பையும் ஏற்றிக்கொள்கிறவன் தலையிலேயே கட்டிவிடலாம். தன் சாதியைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வண்டிக்குச் சொந்தக்காரன் மைல் கணக்கில் நடக்கிறான், அதற்கும் சேர்த்துக் கூலி வாங்கிக்கொண்டு. இதை நான் விளக்கத் தொடங்கியபோது, கச்சிராயபாளையம் ஆலைக்குக் கரும்பு வண்டி அடித்துக் காலத்தைத் தள்ளிய தாத்தா ஒருத்தர் குறுக்கே கேட்டார்: “அந்த மாடு பழகின மாடாப்பா? புது ஆளு கவுறு புடிச்சா மாடு கண்டுபுடிச்சிரும். ஒம்பது வயசுப் புள்ள எப்பிடி ஓட்டுச்சி?” நான் பத்து முறை படித்தும் மாட்டைப் பற்றி யோசித்ததில்லை. வண்டிக்காரன் பக்கத்திலேயே நடந்து வந்ததில் மாட்டுக்கு வழிகாட்டுகிற காரியமும் இருந்திருக்கும் என்று தாத்தா சொன்னார். “மாடு அவன் பேச்சத்தான் கேட்டிருக்கும். இவங்க சும்மா குந்தியிருக்கறதுக்கு ரெட்டக் கூலி.” இது விமர்சனமா இல்லையா, சொல்லுங்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ மிகச் சின்னப் புத்தகம். அதில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிற இடம் சில வரிகள்தான். நானூறு பேர் படிக்கிற இடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் விளையாட்டுக்குப் போவதில்லை. மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார், மணி அடித்தபிறகுதான் உள்ளே போவார். பள்ளி விட்டதும் மற்ற பையன்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடப்பார். இதை விடுதிப் பையன்களுக்குப் படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் சொன்னான், அவன் கல்லூரி பஸ்ஸிலிருந்து காலனி ஸ்டாப்பில் இறங்க மாட்டானாம். ஊர் ஸ்டாப்பில் இறங்கி, பஸ் போனபிறகு திரும்பி நடப்பானாம். இன்னும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். அந்த வேக நடை இன்னும் முடியவில்லை. சீனிவாசனின் இந்த வரிகளை எந்தப் பாடநூலும் பெரிதாக எடுத்துப் போட்டதாக எனக்குத் தெரியாது. அழுகை இல்லாத பத்தி. கதை இல்லாத பத்தி. ஒரு பையன் வேகமாக நடக்கிறான், அவ்வளவுதான்.

ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. நம் தலித் நாவல்களில் கள்ளக்குறிச்சி ஆட்களுக்கு ரொம்ப நெருக்கமானது என்பேன். ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்துப் பேச்சும் புழுதியும் நமக்கு அடுத்த வீடு மாதிரி. அதில் நான் கோடு போட்ட இடம் மனு எழுதுகிற காட்சி. அடிபட்டு வந்து நிற்கிற தங்கத்துக்குக் காத்தமுத்து புகார் எழுத வைக்கிறார். நடந்ததை நடந்தபடி எழுதினால் போலீஸ் சிரித்துவிட்டு அனுப்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். சட்டத்தின் காதில் எது விழுமோ அதற்கு ஏற்ற மாதிரி சம்பவத்தைத் திருத்துகிறார். தங்கத்தின் மேல் அக்கறையும் இருக்கிறது, தன் செல்வாக்கைக் காட்டுகிற ஆசையும் இருக்கிறது, அதற்கு மேல் கெட்ட எண்ணமும் இருக்கிறது. மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலித் தலைவரைக் கேவலப்படுத்திவிட்டார் என்று இந்த நாவலைத் திட்டியவர்கள் உண்டு. மனு எழுதிப் பார்த்தவர்கள் திட்ட மாட்டார்கள். நம் பெரும்பாலான குடும்பங்களில் எழுத்து முதல்முதலாக உள்ளே நுழைந்தது மனுவாகத்தான். பட்டா மனு, தொகுப்பு வீட்டு மனு, சாதிச் சான்றிதழ் மனு, போலீஸ் ஸ்டேஷன் மனு. நம் முதல் இலக்கிய வடிவமே ‘ஐயா, தாழ்மையுடன்’ என்று தொடங்குவதுதான். அந்த வடிவத்துக்குள் உண்மையை எப்படி மடித்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சிவகாமி போலக் காட்டியவர்கள் குறைவு.

எல்லாப் பத்தியையும் எல்லா இடத்திலும் படித்துவிட முடியாது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். சுந்தர ராமசாமி உச்சியில் தூக்கி வைத்தார். தலித் விமர்சகர்கள் சிலர், ஒற்றுமையை உடைக்கிற எழுத்து, ஆதிக்கச் சாதியைத் தப்பவிட்டுவிட்டு நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்றார்கள். இரண்டு தரப்பும் எனக்கு ஒப்பில்லை. சுந்தர ராமசாமி பாராட்டினார் என்பதற்காக ஒரு புத்தகம் கெட்டதாகிவிடாது (அவர் பாராட்டாத நல்ல புத்தகங்களும் நிறைய இருக்கின்றன). பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம் வீடு வீடாக ராத்திரிச் சோறு எடுக்கப் போகிற இடம் என் நோட்டில் இருக்கிறது. பிள்ளைப்பேறு பார்த்தவள் அவள், சாவுக்கு முன்னால் நின்றவள் அவள், களத்தில் தன் பங்குத் தானியத்துக்குக் கெஞ்சுகிறவளும் அவள்தான். யாரிடம் கெஞ்சுகிறாள்? எங்களிடம்.

இதை எங்கள் தெருவில் படித்துக் காட்டியது ஒரே ஒரு முறை. அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போய்விட்டார். நோட்டில் அந்தப் பத்திக்குக் கீழே எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேதி மட்டும் போட்டிருக்கிறேன். வடைப் பொட்டலத்தைக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபத்தில் ஒரு சுகமும் இருக்கிறது. ஆரோக்கியம் அந்தச் சுகத்தைத் தருவதில்லை. ஒற்றுமைக்காக இந்தப் பத்தியை மூடிவைக்கச் சொல்கிறவர்கள், புதிரை வண்ணார் தெருவில் போய் அந்த ஒற்றுமையைப் பற்றி முதலில் பேசிவிட்டு வரட்டும்.

நம் வாய்ப்பேச்சு எங்கே சுற்றிவிட்டு நம்மிடம் வருகிறது என்பதற்கு வீரம்மா கதை ஒன்று போதும். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்த வீரம்மா, பாட்டும் கதையுமாகத் தன் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் சொல்ல, ஜோசியான் ரசீன் ஒலிநாடாவில் பதிவுசெய்தார். கணவர் ழான்-லுக் ரசீனோடு சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார். 1995இல் பிரெஞ்சில் வந்தது, 1997இல் ஆங்கிலத்தில். எங்கள் அம்மா பேசுகிற அதே தென்னார்க்காட்டுத் தமிழில் சொல்லப்பட்ட கதையை நான் ஆங்கிலத்தில் அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் அசல் பேச்சு என்னவாக இருந்திருக்கும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நாற்று நடவும் பிள்ளைப்பேறும் பேய் ஓட்டுவதும் பண்ணையாரைக் கேலி செய்வதும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. எந்த இடத்திலும் அந்த அம்மா தன்னைப் பரிதாபமாக நிறுத்திக்கொள்ளவில்லை. பேரன் பேத்திகள் அரசியல் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிற, பழசை விடவும் மனமில்லாத ஒரு பொம்பளை. என் நோட்டில் அந்தப் பத்திகளை எங்கள் பேச்சில் திருப்பி எழுதி வைத்திருக்கிறேன். அது மொழிபெயர்ப்பா, மீட்பா என்று பண்டிதர்கள் முடிவு செய்யட்டும்.

மலைக்கு வருகிறேன். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும். மேலே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள், மலைக்காரர்கள்). நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் இந்த மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து விடுபட்டது. அந்த மக்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடப் போனால் முதலில் கையில் கிடைப்பது 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதியாகப் போட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பி கதை, கல்யாணச் சடங்கு, தலைப்பாகை, எல்லாம் இருக்கிறது. மனிதர்களைச் செடி கொடி மாதிரி வகைப்படுத்துகிற எழுத்து. மூக்கை அளந்த ஆள் அவர். ஆனாலும் அந்த மூன்று சகோதரர் கதைக்கு நான் கோடு போட்டேன், ஒரு காரணத்துக்காக. அதைத் தமிழில் சொல்லி ஒரு பெரியவரிடம் கேட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எங்க பாட்டன் சொன்னதத்தான் எழுதியிருக்கான் சாரு. சொன்னவன் பேரு மட்டும் உட்டுட்டான்” என்றார். பிறகு தர்ஸ்டன் எழுதாத ஒன்றைச் சொன்னார். ஜாகிர்தார் வீட்டுக்கு வெட்டி வேலைக்குப் போக வேண்டிய நாளை எப்படிக் கணக்கு வைத்தார்கள், யார் வீட்டில் எத்தனை ஏர் என்பதற்கு எப்படி வரி போட்டார்கள் என்று. அதுதான் இருக்க வேண்டிய பத்தி. அச்சில் இல்லை.

அந்த மலையில் எனக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்த வீடும் உண்டு, திண்ணையோடு நிறுத்திய வீடும் உண்டு. பழங்குடி, தலித் ஒற்றுமை என்று சுவரொட்டியில் எழுதுவது சுலபம். நான் இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மகாசுவேதா தேவி பிர்சா முண்டாவைப் பற்றி எழுதிய நாவல் தமிழில் ‘காட்டில் உரிமை’ என்று வந்திருக்கிறது. அதில் புரட்சியும் வில்லும் அம்பும் இருந்தாலும் மலைப் பள்ளிப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது உப்பைத்தான். முண்டாக்களுக்குக் காட்டுப் புல்லரிசிக் கூழ்தான் சாப்பாடு. சோறும் உப்பும் கனவு. உப்புப் போட்டுச் சோறு தின்ன ஆசைப்படுவதிலேயே ஒரு கலகம் தொடங்கிவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “சாரு, எங்க ஆயாவும் உப்புக்குக் கீழ எறங்கிப் போனதச் சொல்லும்” என்றாள். சாமைக்கும் தினைக்கும் மேலே குறையில்லை, உப்புக்குத்தான் சந்தைக்கு இறங்க வேண்டும். தலைச்சுமையாகக் கடுக்காயும் புளியும் கொண்டுபோய், எடைக்கல்லில் ஏமாந்து, உப்போடு ஏறி வருவார்களாம். வங்காளத்து அம்மா ஜார்க்கண்ட் காட்டைப் பற்றி எழுதியது கல்வராயன் மலையில் ஒரு ஆயாவின் தலைச்சுமையை இறக்கிப் பேசவைத்தது. ‘உலக இலக்கியம்’ என்று நம் சிறுபத்திரிகைகளில் பெருமூச்சு விடுகிறவர்கள் இப்படி ஒருமுறை படித்துக் காட்டிப் பார்க்கலாம்.

அமெரிக்க அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய சுயசரிதையில் ஒரு இடம். எசமானன் வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. தெருவில் இருந்த ஏழை வெள்ளைப் பையன்களுக்குப் பசி. ரொட்டியைக் கொடுத்து அவர்களிடமிருந்து எழுத்துக் கற்றுக்கொள்கிறார். எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் இதைத் தலைகீழாகப் பார்த்தேன். சோற்றுக்காக அனுப்பப்பட்ட பிள்ளைகள், சோற்றோடு சேர்ந்து வந்த எழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். டக்ளஸின் கணக்கு அவர்களுக்கு உடனே புரிந்தது. “ரொட்டி குடுத்தா ‘அ’னா சொல்லித்தருவானா?” என்று ஒருவன் கேட்டான். பக்கத்தில் இருந்தவன், “எனக்கு முட்டை குடு, நான் கணக்குச் சொல்லித்தரேன்” என்றான்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததை வைத்து 1975இல் வந்த ‘குருதிப்புனல்’ என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. நெல் கூலிக்காக நடந்த போராட்டத்தை மிராசுதாரின் ஆண்மைக் குறைபாட்டுக்குள் கொண்டுபோய் அடைத்த நாவல் அது. சாகித்ய அகாதெமி கொடுத்தார்கள். கொடுக்கட்டும்.

மலையைப் பற்றி, மலைக்காரர்களே சொல்லித் தமிழில் பதிவான பெரிய பிரதி எது என்று கேட்டால், என் பதில் எந்த நாவலும் இல்லை. வாச்சாத்தி வழக்கின் சாட்சியங்கள். கல்வராயனுக்குப் பக்கத்துச் சித்தேரி மலை அடிவாரம், அதே மலையாளி மக்கள். 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் நின்று ஆளைக் காட்டிச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளி என்றது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வாயால் சொன்னது ஒரு அரசாங்கத்தையே பொய்யாக்கியது. அதைவிட வலுவான பத்தி எந்த நூலகத்தில் இருக்கிறது? ஆனால் அது கோர்ட்டுக் கட்டுகளில் கிடக்கிறது, வக்கீல் மொழியில். அதிலிருந்து பேச்சைப் பிரித்தெடுத்து, அந்தப் பெண்கள் ஒப்புக்கொள்கிற வடிவத்தில், அவர்கள் விரும்பாததை விலக்கி அச்சிடுகிற வேலையை நம் இதழ்கள் செய்ய வேண்டும்.

கருணாபுரத்தைப் பற்றிப் பேசாமல் கள்ளக்குறிச்சிக்காரன் எவனும் இப்போது எழுத முடியாது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். அதிகம் பேர் கருணாபுரம் தலித் மக்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கொத்து வேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் போகிறவர்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில். அந்த ஒரு மாதத்தில் எழுதிக் குவித்ததை எல்லாம் வாங்கிப் படித்தேன். நோட்டில் எழுத ஒரு பத்தி தேறவில்லை. எண்ணிக்கை இருந்தது, நிவாரணத் தொகை இருந்தது, ‘குடிகாரங்களுக்கு எதுக்குப் பத்து லட்சம்’ என்று தேநீர்க் கடை ஞானம் இருந்தது. கல்வராயன் மலை ஒரே ராத்திரியில் ‘சாராய மலை’ ஆகிவிட்டது. மெத்தனால் மலையில் விளைகிற பொருளா? ஆலைகளுக்குப் போகிற ரசாயனம் அது, லைசென்ஸ் போட்டு விற்கிற சரக்கு. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் மலை மக்களின் நிலையை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சாலை இல்லாத, ஆம்புலன்ஸ் ஏறாத ஊர்கள் பத்திரிகையில் வந்தன. அதிகாரிகளின் அறிக்கை, நீதிபதிகளின் கேள்வி, வக்கீல்களின் பதில் எல்லாம் வந்தன. மலைக்காரர் பேசியது எங்காவது ஒரு மூலையில் ஒரு வரி.

அந்தத் தெருவுக்குப் போய்வந்தேன். கேமராவைக் கண்டால் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்கு அலுத்துப்போயிருந்தார்கள். ஒரு அம்மா மட்டும் பேசினார். அழவில்லை. புருஷன் வேலைக்குப் போன நாள், போகாத நாள், கொண்டுவந்த காசு, கொண்டுவராத காசு என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். எழுத்து இல்லை, கோடுதான். ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. ஜூன் மாதத்தில் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. “இத வாசிக்கத் தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரு வரிசையைக் காட்டி, “அப்ப வாசி” என்றார். வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினார்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும், அல்லது கோடு போட்ட புத்தகம் இருக்கும். எந்தப் பத்தி, யாருக்குப் படித்துக் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதி இதழுக்கு அனுப்புங்கள். கேட்டவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போயிருந்தால் அதையும் எழுதுங்கள். வடைப் பொட்டலம் வேண்டாம். அது எல்லோரிடமும் இருக்கிறது.